பேசும் சட்டை யாருக்காகப் பேசும்?

விடியற்காலையில் போடிநாயக்கனூரிலோ, கம்பம் - கூடலூர் சாலை ஓரத்திலோ நின்று பாருங்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். ஒவ்வொருத்தி உடம்பிலும் சேலைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை இருக்கும். புருஷனுடைய சட்டையாக இருக்கும்; அல்லது மகன் போட்டுக் கழித்த பழைய சட்டையாக இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும், அட்டைக்கும் பூச்சிக்கும், மருந்தடித்த இலைக்கும் அவர்களுக்குள்ள ஒரே கவசம் அதுதான். போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலை ஏறி, பொழுது சாய்ந்து வீடு திரும்புகிற வரை அந்தச் சட்டை உடம்பை விட்டு இறங்குவதில்லை.

ஆண்டிபட்டி, தேனி வட்டாரத்து நூல் மில்களுக்குள் போனால் அங்கேயும் இதே கதைதான். சேலையோ சுடிதாரோ யந்திரத்தில் சிக்கிவிடக் கூடாது என்று மேலே ஒரு கோட்டு; தலைமுடியை அடக்க ஒரு தொப்பி. உழைப்பவனோடு எட்டு மணி நேரமும் ஒட்டிக்கொண்டு நிற்கும் பொருள் அவன் போட்டிருக்கும் துணி ஒன்றே. மேஸ்திரி கூட இடையில் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார். துணி எங்கும் போவதில்லை.

அந்தத் துணிக்கு இப்போது புதிய வேலை ஒன்று கற்பிக்கப்பட்டு வருகிறது. சட்டைக் கையைத் தொட்டால் யந்திரத்துக்கு உத்தரவு போகும். சட்டை தானாகவே ஆள் எங்கே இருக்கிறான், கை எப்படி அசைகிறது என்று சொல்லும். இதற்கு பேட்டரி வேண்டாம். சார்ஜ் போட வேண்டாம். துவைக்கலாம், இஸ்திரி போடலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக் கூடங்களில் இது செய்து காட்டப்பட்டிருக்கிறது. “நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கலாம். நூல் நூற்பவர்கள் நாம். அந்தச் சட்டையை நாளைக்கு யூனிபாரமாக உடுத்தப் போகிறவர்களும் நாமே. சம்பந்தம் இல்லாமல் எப்படிப் போகும்?

பேட்டரி இல்லாமல் எப்படி?

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. நம் மில்லிலும் நம் ரோட்டிலும் தினம் நடக்கிற காரியங்கள்தான்.

ரிங் பிரேமில் பாலியெஸ்டர் கலந்த நூல் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். காற்றில் ஈரம் குறைந்தால் இழை மயிர்போல் சிலிர்க்கும்; ரோலரில் சுற்றிக்கொள்ளும்; அறுந்து அறுந்து போகும். அதைத் தடுக்கத்தான் டிபார்ட்மெண்டுக்குள் ஈரக்காற்று விடும் யந்திரத்தை ஓட்டுகிறார்கள். ஒரு பொருளோடு மற்றொரு பொருள் உரசி விலகும்போது உண்டாகிற நிலைமின்சாரத்தின் வேலை அது. குளிர்காலத்தில் நைலான் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொரிகிறதே, அதுவும் இதுவும் ஒன்றே. முதலாளி எந்த மின்சாரத்தைத் தொல்லை என்று நினைத்து ஈரம் விட்டுக் கொல்கிறாரோ, அதையே விஞ்ஞானிகள் சேமிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2012ல் அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் ஷொங் லின் வாங் என்பவருடைய குழு, உரசலிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு சாதனத்தைச் செய்தது. 2019ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ராம்சஸ் மார்ட்டினஸ் என்பவருடைய குழு அதைத் துணியில் பூவேலை போலத் தைத்தே கொண்டுவந்துவிட்டது. தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாதபடி துணிக்கு ஒரு பூச்சு. உள்ளே மின்சாரம் பாயும் இழை. விரலால் தொட்டால் அந்தத் தொடுதலே மின்சாரமாகி, அதுவே சைகையுமாகிறது. சட்டைக் கையைத் தொட்டுப் பாட்டுப் பெட்டியை ஓட்டவும் நிறுத்தவும் முடிந்தது.

இரண்டாவது வழியைச் சுங்கச்சாவடியில் பார்த்திருப்பீர்கள். லாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டாக் பட்டைக்குள் பேட்டரி இல்லை. சாவடியில் மேலே இருக்கும் கருவி ரேடியோ அலையை வீசுகிறது. அந்த அலையின் சக்தியைக் குடித்தே பட்டை விழித்து, தன் நம்பரைத் திருப்பிச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது. பழைய காலத்துக் கிறிஸ்டல் ரேடியோ பேட்டரி இல்லாமல், நிலையத்து அலையின் சக்தியாலேயே பாடியதும் இப்படித்தான். அந்தப் பட்டையின் வேலையைச் சட்டைக்குள் தைத்த மின்கடத்தும் நூலும், பொட்டளவு சில்லு ஒன்றும் சேர்ந்து செய்துவிடும்.

மூன்றாவது வழி காந்தம். 2017ல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் சான் என்பவரும், நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துப் போன ஷ்யாம் கொல்லகோட்டாவும் ஒரு வேலை செய்தார்கள். கடையில் விற்கும் மின்கடத்தும் பூவேலை நூலை வாங்கித் துணியில் தைத்து, காந்தத்தால் தேய்த்து, அதில் எழுத்தைப் போல் குறிகளைப் பதித்தார்கள். சட்டைக் கையில் பதித்த குறியே சாவியாகிக் கதவைத் திறந்தது. கையுறையின் விரல்நுனியில் பதித்த காந்தம் கைபேசிக்கு உத்தரவு கொடுத்தது. வாசிப்பதற்குத் தனிக் கருவி கூட வேண்டியிருக்கவில்லை. திசை காட்டுவதற்காகக் கைபேசியில் ஏற்கனவே உள்ள உறுப்பே போதுமாயிருந்தது. துவைத்தாலும் இஸ்திரி போட்டாலும் குறி அழியவில்லை. நாளாக ஆக மங்கியது. மறுபடி தேய்த்தால் திரும்பி வந்தது.

இந்த மின்கடத்தும் நூல் வானத்திலிருந்து விழுவதில்லை. மெல்லிய எஃகு இழையைப் பஞ்சோடோ பாலியெஸ்டரோடோ கலந்து, நம் மில்லில் உள்ளது போன்ற ரிங் பிரேமிலேயே நூற்கலாம். அப்படி நூற்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு அந்நியமான தொழில் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஜக்கார்டுப் பெட்டியின் பாடம்

துணிக்கு உத்தரவு கொடுக்கும் வித்தையே நெசவுத் தறியில் பிறந்தது. நெசவாளருக்கு ஜக்கார்டுப் பெட்டி தெரியும். ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து வைத்தால் எந்த இழை தூக்க வேண்டும், எது தாழ வேண்டும் என்று அட்டையே சொல்லும். பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் 1804ம் வருஷம் அதைக் கொண்டுவந்தார். பிற்காலத்துக் கம்ப்யூட்டருக்கு ஓட்டை அட்டையால் உத்தரவு கொடுக்கும் யோசனை அங்கிருந்துதான் போயிற்று.

அந்த லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் 1831ம் வருஷம் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? நெய்த துணிக்குக் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்றை நிர்ணயிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நிர்ணயித்த விகிதத்தை வியாபாரிகள் கொடுக்க மறுத்தபோது சண்டை மூண்டது. பெட்டி தறியின் மேல் உட்கார்ந்திருந்தது. தகராறு கூலியைப் பற்றியதாக இருந்தது. இந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது. புதிய சாதனம் வரும்போது அதைக் கண்டு மிரளுவதும் தவறு. வாயைப் பிளந்துகொண்டு வரவேற்பதும் தவறு. அது வந்தபிறகு வேலைக்கும் கூலிக்கும் என்ன ஆகிறது, அதன் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே தொழிலாளியின் புத்தி.

அதே ஜக்கார்டின் பெயரை வைத்து கூகிள் கம்பெனி 2015ல் ஒரு திட்டம் அறிவித்தது. 2017ல் லீவைஸ் கம்பெனியோடு சேர்ந்து 350 டாலர் விலையில் ஒரு ஜாக்கெட் விற்றது. இடது கைப்பட்டியைத் தடவினால் பாட்டு மாறும், வழி சொல்லும். அதற்குப் பேட்டரி உள்ள சிறு பொத்தான் ஒன்று தேவைப்பட்டது. 2023ல் கம்பெனி அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. அன்றோடு அந்த ஜாக்கெட் வெறும் ஜாக்கெட் ஆயிற்று. காசு கொடுத்து வாங்கியவன் உடம்பில் இருந்த துணியின் உயிர், எங்கோ இருக்கிற கம்பெனியின் கையில் இருந்தது என்பதை அன்றைக்கு எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

350 டாலர் கொடுத்து வாங்கியவன் கதியே இப்படி என்றால், மில்லில் இனாமாகக் கொடுக்கும் யூனிபாரத்தை உடுத்துகிறவனுடைய கதி என்ன?

கையில் கட்டியது கடிகாரமா, காவலா?

இதை வீண் பயம் என்று சொல்பவர்கள், நடந்ததைப் பார்க்கட்டும்.

2020ஐ ஒட்டிய வருஷங்களில் நாகபுரி, பஞ்ச்குலா, சண்டிகர் முதலிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் கடிகாரம் ஒன்றைக் கட்டினார்கள். நேரம் பார்க்கக் கொடுத்த கடிகாரம் அல்ல அது. ஆள் எந்தத் தெருவில் நிற்கிறான் என்பதை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் திரையில் புள்ளியாகக் காட்டும் கடிகாரம். கழற்றினால் கூலி பிடிப்பார்கள் என்ற பயம். சார்ஜ் தீர்ந்துவிட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். கக்கூசுக்குப் போகும்போது கூட யாரோ பார்ப்பது போல் இருக்கிறது என்று பெண் தொழிலாளர்கள் குமுறினார்கள். சண்டிகரில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

நம் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கும் இது தெரியும். 2023 ஜனவரி 1 முதல் கைபேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. மண் சுமந்தவள் அங்கேயே நிற்கிறாள், டவர் கிடைக்கவில்லை, படம் ஏறவில்லை. உழைத்த உடம்பு சாட்சியாக நின்றும் செல்லவில்லை. கருவி சொன்னதே செல்லும் என்றாயிற்று.

அமெரிக்காவில் அமேசான் கம்பெனி 2018ல் ஒரு கைப்பட்டைக்கு உரிமைப் பதிவு பெற்றது. கிடங்குத் தொழிலாளியின் கை எந்தப் பெட்டியை நோக்கிப் போகிறது என்று கண்டறிந்து, தப்பான பெட்டிக்குப் போனால் கையிலேயே அதிர்ந்து காட்டும் கைப்பட்டை அது. காகிதத்தில் எழுதிய யோசனைதான் என்றாலும், முதலாளித்துவத்தின் மனசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அது காட்டுகிறது.

மில்லில் ஏற்கனவே பாதி தூரம் வந்தாயிற்று. புது ரிங் பிரேம்களில் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் உணர்கருவி வைக்கிறார்கள். எங்கே இழை அறுந்ததோ அங்கே விளக்கு எரியும்; சைடர் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். யந்திரத்தின் கணக்கு முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது மனுஷியின் கணக்கு. அவள் எத்தனை நிமிஷத்தில் வந்தாள், எத்தனை தரம் உட்கார்ந்தாள், எத்தனை தரம் வெளியே போனாள் என்ற கணக்கு. பேட்டரி இல்லாத யூனிபாரம் அந்த இடத்தில் மிகச் சுலபமாகப் பொருந்தும்.

கடிகாரத்தையாவது கழற்றலாம், சார்ஜ் தீர்ந்தால் ஊமையாகிவிடும். சட்டையைக் கழற்ற முடியுமா? அதற்கு அணைக்கிற பொத்தானே கிடையாது. ஆனால் அந்தச் சட்டைக்கு ஒரு பலவீனம் உண்டு. அதை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். அலையின் சக்தியால் விழிக்கும் சட்டை தானாக எழுந்து பேசாது. வாசிக்கும் கருவி பக்கத்தில் இருந்தால்தான் பேசும். கருவி கேட்டில் இருந்தால் கேட்டில் பேசும். மிஷின் பக்கத்தில் இருந்தால் அங்கே பேசும். கக்கூஸ் வாசலில் வைத்தால் அங்கேயும் பேசும். ஆகவே துணியைப் பார்த்து மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வாசிக்கும் கருவியை எங்கெங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று சுவரைப் பாருங்கள்.

மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு நூல் மில்கள் பலவற்றில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வேலைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஹாஸ்டல் வாசலிலும் ஒரு கருவி மாட்டிவிட்டால் அந்தப் பெண்ணின் இருபத்துநாலு மணி நேரமும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரிவரியாக ஏறிவிடும். ஷிப்ட் முடிந்தது என்ற வார்த்தைக்கே அவளுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

“ஒழுங்காக வேலை செய்கிறவன் ஏன் பயப்பட வேண்டும்?”

நிர்வாகம் இப்படிக் கேட்கும். நம்மிலேயே சிலருக்கும் இந்தக் கேள்வி நியாயமாகப் படும். சோம்பேறி ஒருவன் செய்யாத வேலையைப் பக்கத்து சைடுக்காரி சேர்த்துச் செய்கிறாள் என்பதும் நடக்கிற விஷயந்தான். ஆகையால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டை ஒரு எண்ணைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இன்றைக்கு அவளுடைய கை நேற்றைவிட மந்தம் என்று சொல்லும். ஏன் மந்தம்? மிக்சிங்கில் மட்டப் பஞ்சைக் கலந்துவிட்டார்கள், இழை நிற்கவில்லை. கரண்டு பில்லைக் குறைப்பதற்காக ஈரக்காற்று யந்திரத்தைப் பாதி நேரம் நிறுத்திவிட்டார்கள். அறுந்த இழை இரண்டு மடங்காயிற்று. ஒரு ஆள் வரவில்லை. அவள் சைடையும் இவளே பார்த்தாள். இதில் எதுவும் சட்டைக்குத் தெரியாது. நிர்வாகத்தின் குற்றம் தொழிலாளியின் கையில் குறைவாகப் பதிகிறது. மேஸ்திரியோடு வாதாடலாம், “வந்து பஞ்சைப் பாரும் ஐயா” என்று கூப்பிட்டுக் காட்டலாம். கம்ப்யூட்டரில் ஏறிய எண்ணோடு யார் வாதாடுவது?

இன்னொன்றும் உண்டு. எல்லோருடைய கையையும் அளந்தபிறகு, எல்லாரிலும் வேகமான ஒருத்தியின் கை சட்டமாகிவிடும். நல்ல நாளில், நல்ல பஞ்சில், இருபது வயதுக்காரி செய்தது நாற்பது வயதுக்காரிக்கு வேலைப்பளு ஆகிவிடும். அதற்கு அடுத்து ஆட்குறைப்பு வரும். ஸ்டாப் வாட்ச் பிடித்துப் பக்கத்தில் நின்ற காலத்தில் தொழிலாளி ஆளைப் பார்த்து வேகத்தை அடக்கிக்கொண்டான். உடம்பிலேயே ஸ்டாப் வாட்ச் தைத்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று சும்மா இருக்க முடியுமா? சொந்த விவரங்களைப் பாதுகாக்க நாடாளுமன்றம் 2023ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஒருவனைப் பற்றிய விவரத்தை எடுக்க அவனுடைய சம்மதம் வேண்டும் என்பது அதன் பொதுவிதி. ஆனால் அதன் 7வது பிரிவு, வேலைவாய்ப்பின் பொருட்டும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதன் பொருட்டும் விவரங்களைப் பயன்படுத்தத் தனிச் சம்மதம் தேவையில்லை என்று வழி விட்டிருக்கிறது. கடைக்காரன் நம் பெயரை எழுதச் சம்மதம் கேட்க வேண்டும். மில் முதலாளி நம் கையசைவை எழுத அந்தச் சம்மதத்தைக் கேட்காமலே விடலாம் என்றால், இந்தக் கதவை யாருக்காகத் திறந்து வைத்தார்கள்?

அதே 2023ல் மற்றொன்றும் நடந்தது. நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை ஏப்ரல் 21ல் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கட்சி வித்தியாசம் இல்லாமல் எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள். வேலை நேரத்தைப் பற்றி எழுதிய வரியை ஐக்கியம் மாற்றிக் காட்டியது. சட்டையைப் பற்றிய வரியையும் அப்படியே எழுத வைக்க முடியும்.

நமக்கு வேண்டிய துணி எது?

விஞ்ஞானத்தை வேண்டாம் என்று சொல்லும் கூட்டம் அல்ல நாம். இந்தத் துணியிலிருந்து நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்று சொல்லவும் நமக்குத் தெரிய வேண்டும்.

கை சிக்கினால் என்ன ஆகும் என்று மில் தொழிலாளிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே, ஓடும் யந்திரத்துக்குப் போகும் சக்தியை அவசரத்தில் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு வேலை அறையிலும் இருக்க வேண்டும் என்று சொல்லியது. அந்தச் சுவிட்சு சுவரில் இருக்கும். சிக்கியவள் மிஷினில் இருப்பாள். அந்தச் சுவிட்சைச் சட்டைக் கையில் தைத்துக் கொடுங்கள்! ஒரு கை மாட்டிக்கொண்டால் மறு கை முழங்கையைத் தொட்டு மிஷினை நிறுத்தட்டும். சுவர்ச் சுவிட்சை எடுத்துவிடாமல், அதற்கு மேலதிகமாக இது இருக்கட்டும். பாட்டை மாற்ற முடிகிற சட்டைக் கைக்கு மிஷினை நிறுத்தத் தெரியாதா?

வேலைக்கு வந்த நேரத்தையும் விட்ட நேரத்தையும் சட்டை குறிக்கட்டும். ஆனால் அந்தக் கணக்கின் ஒரு பிரதி தொழிலாளியின் கைக்கும் வரட்டும். எட்டு மணி நேரம் என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுப் பத்து மணி நேரம் நிறுத்தி வைக்கிறவர்களுடைய குட்டு அன்றைக்கு உடையும். ஓவர்டைம் தகராறில் தொழிலாளிக்கு இதுவரை வாய் வார்த்தைதான் சாட்சி. சட்டையும் சாட்சி சொல்லட்டும். கணக்கு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்று கேட்டவுடன் எத்தனை நிர்வாகங்களுக்கு இந்தச் சட்டையின் மேல் உள்ள ஆசை போய்விடுகிறது என்பதைப் பாருங்கள்!

இனி ஏலத்தோட்டத்துப் பெண்ணிடம் வருவோம். அவளுடைய கூலியை எண்ணும் துணி அவளுக்குத் தேவையில்லை. மருந்து தோலில் இறங்காமல் தடுக்கும் துணிதான் தேவை. அதுவும் நம் நாட்டிலேயே செய்யப்பட்டிருக்கிறது. பெங்களூரில் உள்ள மத்திய சர்க்காரின் இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிலையம், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து பட்டவுடன் அதன் நஞ்சை உடைத்துவிடும்படி பருத்தித் துணியைப் பக்குவம் செய்தது. துவைத்துத் துவைத்து உடுத்தலாம். இதற்கும் பேட்டரி கிடையாது. 2024 டிசம்பரில் ‘கிசான் கவச்’ என்ற பெயரில் அந்த உடையை வெளியிட்டார்கள். விலை 4,000 ரூபாய்.

நல்ல காரியம். செய்தவர்களைப் பாராட்டுவோம். ஆனால் நாலாயிரம் ரூபாய் கொடுத்து அதை வாங்குவது யார்? புருஷனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறவளா? கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று மருந்தடிக்கிறவனா? அவன் தலையிலும் தோளிலும் சொட்டுவது அத்தனையும் அந்த மருந்துதான். மருந்துக்கும் மருந்தடிக்கும் மிஷினுக்கும் செலவழிக்கிற தோட்டக்காரரும் எஸ்டேட்காரரும், அடிக்கிற ஆளின் தோலுக்கும் செலவழிக்க வேண்டும். மருந்துக் கம்பெனியும் அதில் பங்கு கொடுக்க வேண்டும். சிறு விவசாயிக்குச் சர்க்கார் மானியம் தர வேண்டும்.

காவல் பார்க்கும் துணிக்கு உடனே பணம் கிடைக்கும். காப்பாற்றும் துணியைக் கேட்டால் விலை அதிகம் என்பார்கள். எந்தத் துணி முதலில் நம் ஊருக்கு வருகிறது என்பதைக் கொண்டே எடை போடுங்கள், வந்தது யாருடைய நன்மைக்கு என்று.

என்ன கேட்க வேண்டும்?

இது நாளைக்கே வரப் போகிறது என்று பீதி கிளப்ப நாம் எழுதவில்லை. வந்தபிறகு விழிப்பதைவிட வருமுன் பேசி வைப்பது நல்லது என்பதற்காக எழுதுகிறோம். பாஸ்டாக் பட்டையும், கைபேசி வருகைப் பதிவும் நம்மைக் கேட்டுக்கொண்டா வந்தன?

முதலாவது, யூனிபாரத்துக்குள் பேசும் நூலோ பட்டையோ தைக்கப்பட்டிருந்தால் அதைத் தொழிலாளிக்குத் தமிழில் எழுதிக் கொடுத்துச் சொல்ல வேண்டும். சங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் அந்தத் துணி மில்லுக்குள் வரக்கூடாது.

இரண்டாவது, வாசிக்கும் கருவி எங்கெங்கே இருக்கிறது என்பதை நோட்டீஸ் பலகையில் போட வேண்டும். கக்கூஸ், சாப்பாட்டு அறை, ஹாஸ்டல் ஆகிய இடங்களில் வைக்கவே கூடாது. ஷிப்ட் முடிந்தால் அந்தத் துணி மில்லிலேயே கழற்றி வைக்கப்பட வேண்டும். துவைக்கும் செலவு மில்லுடையது.

மூன்றாவது, பதிவாகும் கணக்கில் ஒரு பிரதி தொழிலாளிக்கு வேண்டும். சட்டை சொன்ன எண்ணை மட்டும் வைத்துக் கூலி வெட்டோ, மெமோவோ, வேலை நீக்கமோ கூடாது. அந்த நேரத்தில் பஞ்சு எப்படி, ஈரம் எவ்வளவு, ஆள் எத்தனை என்ற கணக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, உடம்புச் சூடு, மூச்சு, நாடி போன்றவற்றைத் துணி அளந்தால் அது தொழிலாளிக்கும் வைத்தியருக்கும் மட்டுமே போக வேண்டும். நோயாளி என்று கண்டு வேலையை விட்டு நீக்க அது ஆபீசுக்குப் போகக்கூடாது.

ஐந்தாவது, காப்பாற்றும் துணி முதலில். மருந்தடிப்பவருக்குக் கவச உடையும், யந்திரத்தில் நிற்பவருக்கு நிறுத்தும் சுவிட்சும் முதலாளி செலவில் வந்தபிறகுதான் மற்றதைப் பற்றிப் பேச்சு.

இந்த ஐந்தையும் கேட் கூட்டத்திலும், தெருமுனையிலும், ஜீப்புக்குக் காத்து நிற்கிற இடத்திலும் பேசுங்கள். மில்லில் வேலை செய்யும் மகளும் தோட்டத்துக்குப் போகும் தாயும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பேச்சு வீட்டிலேயே தொடங்கலாம். அடுத்த முறை புது யூனிபாரம் கொடுத்தால் தையலைப் பிரித்துப் பாருங்கள்; நிர்வாகத்திடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இதை வாசிக்கும் கருவி எங்கே இருக்கிறது? அந்தக் கணக்கு யாரிடம் போகிறது? ஒருத்தி கேட்டால் வாயாடி என்பார்கள். ஷிப்ட் முழுவதும் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.